திருவிழாக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடங்கள்: ஆலயங்களும் மண்டபங்களும் செய்துவைக்க வேண்டிய முன்னேற்பாடுகள்

2016ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி, பின்னிரவு இரண்டு மணிக்குப் பிறகு, பூச்சோங்கில் உள்ள ஒரு கேளிக்கை மையத்தின் மீது கையெறி குண்டு வீசப்பட்டது. காற்பந்தாட்டம் பார்க்கக் கூடியிருந்தவர்களில் எண்மர் காயமடைந்தனர். மலேசிய மண்ணில் ஐஎஸ் இயக்கத்தின் தூண்டுதலில் நடந்த முதல் தாக்குதல் அது என்று போலீஸ் பின்னர் அறிவித்தது. அதில் ஈடுபட்ட இருவருக்கு 2017ஆம் ஆண்டில் தலா 25 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பூச்சோங் சம்பவத்திற்கு இரண்டு மாதம் கழித்து, சுதந்திர தினக் கொண்டாட்டத்திற்கு முன்னதாக மூவர் கைது செய்யப்பட்டனர். ஒரு கையெறி குண்டு, ஒரு கைத்துப்பாக்கி, 24 தோட்டாக்கள் ஆகியவை அவர்களிடம் சிக்கின. அவர்கள் தாக்கத் திட்டமிட்டிருந்த இடங்களில் கோலாலம்பூரின் கேளிக்கை மையங்களோடு பத்துமலை ஆலயமும் இருந்ததாகப் போலீஸ் தெரிவித்தது.

அந்தத் திட்டம் நடக்கும் முன்பே முறியடிக்கப்பட்டது. ஆனாலும் அது ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. தைப்பூசத்திற்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கூடும் பத்துமலையில் போலீசும் தீயணைப்புப் படையும் மருத்துவக் குழுவும் அருகிலேயே இருக்கும். ஐந்நூறு பேர் கூடும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலோ, எண்ணூறு பேர் அமரும் கல்யாண மண்டபத்திலோ, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியிலோ அப்படி யார் இருப்பார்கள்? போலீசும் ஆம்புலன்சும் வந்து சேரும் வரையிலான அந்த முதல் சில நிமிடங்களில் அங்கிருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

அதற்கான விடை சம்பவ நேரத்தில் கிடைப்பதில்லை. திருவிழாவுக்கு இரண்டு வாரத்துக்கு முன், நிர்வாகக் கூட்டத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டிய விடை அது.

போலீசின் வேலை வேறு, நிர்வாகத்தின் வேலை வேறு

பயங்கரவாதத் திட்டங்களைக் கண்டுபிடிப்பதும் சந்தேக நபர்களைப் பிடிப்பதும் அரசாங்கத்தின் பொறுப்பு. சொஸ்மா எனப்படும் 2012ஆம் ஆண்டு பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தின் கீழ், சந்தேக நபரைப் போலீஸ் விசாரணைக்காக 28 நாள் வரை தடுத்து வைக்க முடியும். புக்கிட் அமானில் இதற்கென்றே பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு இயங்குகிறது.

ஆனால், மண்டபத்தின் பின்கதவு பூட்டிக் கிடக்கிறதா, அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, மின்சாரம் போனால் மைக் வேலை செய்யுமா என்பதையெல்லாம் புலனாய்வு அதிகாரி வந்து பார்க்க மாட்டார். அது இடத்தை நடத்துபவர்களின் வேலை.

கண்காணிப்பு எவ்வளவு இருந்தாலும் தாக்குதல் நடந்துவிடலாம். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி அதிகாலையில் ஜொகூர் உலு திராம் போலீஸ் நிலையத்திற்குள் தனியொருவன் நடத்திய தாக்குதலில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் ஏந்தியவர்கள் பணியிலிருக்கும் இடத்திற்கே அந்த நிலை என்றால், எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும் வழிபாட்டுத் தலங்களும் மண்டபங்களும் இன்னும் எளிய இலக்குகள்.

ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் தடுத்து வைக்கப்பட்ட 16 வயது மாணவன் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கிறிஸ்தவன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் தாக்குதலால் தூண்டப்பட்ட அவன், சிங்கப்பூரில் இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டிருந்தான். தீவிரவாதம் ஒரு மதத்திற்கோ ஓர் இனத்திற்கோ மட்டும் உரியது என்று நினைத்துக் காவல் நிற்பவர் தவறான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வாசல்கள், இரண்டு பாடங்கள்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் தேவாலயங்களும் ஹோட்டல்களும் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டு 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாக்குதல் நடக்கலாம் என்ற எச்சரிக்கை இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் தேதியே இலங்கைப் பாதுகாப்புத் துறைக்குப் போயிருந்தது. அந்த எச்சரிக்கை தேவாலய வாசல்களுக்கு வந்து சேரவில்லை.

மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திற்குக் கனத்த பையோடு வந்த ஒருவனை, சபையைச் சேர்ந்த தமிழர் ஒருவர் நிறுத்தி விசாரித்தார். படம் பிடிக்க வந்ததாக அவன் சொன்னான். அதற்கு அனுமதி வேண்டும் என்று கூறி அவர் அவனை உள்ளே விடவில்லை. குண்டு தேவாலயத்தின் வெளியே வெடித்தது. தடுத்தவர் உயிரிழந்தார். குழந்தைகள் உள்பட மேலும் பலர் பலியானார்கள். இருந்தாலும், உள்ளே கூடியிருந்த நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோர் உயிர் தப்பினார்கள். பயிற்சி பெற்ற காவலராக இல்லாத ஒருவர், வந்தவனிடம் பேச்சுக் கொடுத்துக் கேள்வி கேட்டதே அவர்களைக் காப்பாற்றியது.

இரண்டாவது பாடம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரினாவில் கிடைத்தது. 2017ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி, இசை நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறிய நேரத்தில் குண்டு வெடித்து 22 பேர் மாண்டனர். பின்னர் நடந்த பொது விசாரணையில் வெளிவந்த உண்மைகள் வேதனையானவை. பெரிய பையோடு உட்கார்ந்திருந்தவன் மீது சந்தேகப்பட்டு, பொதுமக்களில் ஒருவர் முன்கூட்டியே பணியாளரிடம் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரவில்லை. வாக்கி டாக்கியில் தொடர்பு கொள்ள முயன்ற இளம் பணியாளருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. அவன் காத்திருந்த மூலை சிசிடிவி கேமராவின் பார்வையில் படாத இடம்.

குண்டு வெடித்த பிறகும் தடுமாற்றம் தீரவில்லை. தீயணைப்பு வீரர்கள் வந்து சேர இரண்டு மணி நேரத்திற்கும் மேலானது. முதல் 40 நிமிடங்களில் வெடிப்பு நடந்த கூடத்திற்குள் சென்ற ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் ஒரே ஒருவர்தான். காயமடைந்தவர்களைப் படுக்க வைத்துத் தூக்க விளம்பரப் பலகைகளும் தடுப்புகளுமே பயன்பட்டன. மாண்டவர்களில் ஒருவர், தக்க முதலுதவி நேரத்தில் கிடைத்திருந்தால் பெரும்பாலும் உயிர் பிழைத்திருப்பார் என்று விசாரணை முடிவு செய்தது.

மட்டக்களப்பில் ஒருவர் கேட்டார். மான்செஸ்டரிலும் ஒருவர் சொன்னார், ஆனால் சொன்னது போய்ச் சேரவில்லை. வாசலில் கேட்க ஆள் வேண்டும், சொன்னது போய்ச் சேர வழி வேண்டும், அடிபட்டவரைத் தாங்கக் கை வேண்டும். முன்னேற்பாடுகள் எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

ஒரு தாயின் போராட்டத்தில் பிறந்த சட்டம்

மான்செஸ்டரில் உயிரிழந்த 29 வயது மார்ட்டின் ஹெட்டின் தாயார் ஃபிகென் மரே பல ஆண்டுகள் போராடியதன் விளைவாக, பிரிட்டனில் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி ஒரு சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. மக்கள் அதனை 'மார்ட்டின் சட்டம்' என்கிறார்கள். தயாராகிக்கொள்வதற்குக் குறைந்தது 24 மாத அவகாசம் தந்து, அதன் பிறகே அது அமலுக்கு வரும்.

ஒரே நேரத்தில் 200 முதல் 799 பேர் வரை கூடக்கூடிய இடங்கள் அதில் முதல் நிலையில் வருகின்றன. 800 பேருக்கு மேல் கூடும் இடங்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு. வழிபாட்டுத் தலங்கள் மட்டும், கூட்டம் எவ்வளவு பெரிதானாலும், முதல் நிலையிலேயே வைக்கப்பட்டுள்ளன.

முதல் நிலை இடங்களிடம் இந்தச் சட்டம் விலையுயர்ந்த கருவி எதையும் கேட்கவில்லை. நான்கு நடைமுறைகளைத்தான் கேட்கிறது. கூட்டத்தைப் பாதுகாப்பாக வெளியேற்றுவது, வெளியே ஆபத்து என்றால் உள்ளே பத்திரமான இடத்திற்குக் கொண்டுவருவது, தாக்க வருபவன் நுழையாதபடி கதவுகளை அடைப்பது, எல்லோருக்கும் உடனே தகவல் சொல்வது.

மலேசிய ஆலயங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் ஆலயமும் மண்டபமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அளந்து பார்க்க அந்த நான்கும் நல்ல அளவுகோல்.

முதலில், இடத்தைச் சுற்றி ஒரு நடை

தலைவர், செயலாளர், மண்டபப் பொறுப்பாளர், சமையல் பொறுப்பாளர் ஆகியோர் ஒன்றாகச் சேர்ந்து, திருவிழாவுக்கு முன் ஒரு மாலை வேளையில் இடத்தை நடந்து பார்க்க வேண்டும். பகலில் தெரியும் வழி இரவில் தெரியாது என்பதால் மாலை நேரமே ஏற்றது.

வெளியேறும் வழிகள் எத்தனை? அவற்றில் எத்தனை உண்மையில் திறக்கும்? திருட்டுப் பயத்தில் கிரில் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோவது பல இடங்களில் வழக்கம். பக்கவாட்டு வழியில் மடக்கு மேசைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அடுக்கியிருக்கும். கூட்டம் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் எந்த வழியும் பூட்டியோ அடைத்தோ இருக்கக் கூடாது.

பந்தல்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 1997ஆம் ஆண்டு ஜூனில், தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகத்தின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து, ஏற்பட்ட நெரிசலும் சேர்ந்து 48 பேரைப் பலிகொண்டது. அங்கே தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பயந்தோடும் கூட்டத்திற்குக் காரணம் தீயா, குண்டா, வெறும் வதந்தியா என்ற வேறுபாடு கிடையாது. வழி இருக்கிறதா இல்லையா என்பதே முக்கியம். ஆகவே பயங்கரவாதத்தை மனத்தில் வைத்துச் செய்யும் ஏற்பாடு, தீ விபத்துக்கும் நெரிசலுக்கும் சேர்த்தே பயன்படுகிறது.

அன்னதானக் கூடத்தில் காஸ் தோம்புகள் எங்கே இருக்கின்றன, அவற்றை யார் அடைப்பார், ஜெனரேட்டர் எங்கே, தீயணைப்புக் கருவியின் தேதி முடிந்துவிட்டதா என்பதையும் இந்த நடையிலேயே பார்த்துவிடலாம். ஐயம் இருந்தால் அருகிலுள்ள தீயணைப்பு, மீட்பு நிலையத்தை அணுகி ஆலோசனை கேட்கலாம்.

யார் எதற்குப் பொறுப்பு

அவசர வேளையில் எல்லோரும் தலைவரைத் தேடுவார்கள். அவர் தேரோடு போயிருப்பார், அல்லது பிரமுகரை வரவேற்றுக்கொண்டிருப்பார். எனவே அன்றைய நாளுக்கென ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளரும் அவருக்கு மாற்றாக ஒருவரும் இருக்க வேண்டும். கூட்டத்தை வெளியேற்றும்படி சொல்ல அவ்விருவருக்கும் முழு அதிகாரம் தரப்பட வேண்டும். 'தலைவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்ற நிலை வரக் கூடாது.

அவர்களுக்குக் கீழே ஐந்து வேலைகள் உண்டு: ஒவ்வொரு வாசலுக்கும் ஒருவர், மைக்குக்கு ஒருவர், 999க்கு அழைக்க ஒருவர், முதலுதவிக்கு இருவர், குழந்தைகளையும் முதியவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் கவனிக்க இருவர். பெயர்களை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் போதும். இளைஞர் பிரிவு, ரேலா உறுப்பினர்கள், பள்ளிச் சீருடை இயக்கங்களில் முதலுதவி கற்றவர்கள் எனத் திறமையுள்ளவர்கள் பெரும்பாலும் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை முன்கூட்டியே கேட்டு வைப்பதில்தான் குறை.

999ஐ அழைத்தால், வழி சொல்லத் தெரிய வேண்டும்

நகரத்து ஆலயத்திற்குச் சாலைப் பெயர் உண்டு. தோட்டத்து ஆலயத்திற்கு முகவரி என்ன? 'பழைய ஸ்டோருக்குப் பின்னால், இரண்டாவது டிவிஷன்' என்றால் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தெரியாது. செம்பனைக் காட்டுக்குள் ஒரு முச்சந்தியில் வழிதவறினால் இருபது நிமிடம் போய்விடும். தோட்டத்து நுழைவாயில் தடுப்பு இரவில் பூட்டியிருந்தால் இன்னும் தாமதம்.

எனவே தோட்டத்தின் பெயர், டிவிஷன், அருகிலுள்ள பெரிய சாலை, கிலோமீட்டர் கல், கூகல் வரைபடத்தில் உள்ள இடக்குறி ஆகியவற்றை மலாய் மொழியில் நான்கு வரிகளாக எழுதி, அலுவலகச் சுவரிலும் மைக் மேசையிலும் ஒட்ட வேண்டும். அழைப்பவர் அதைப் பார்த்துப் படித்தால் போதும். பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே மறந்துபோகும். அழைத்த கையோடு, ஒருவர் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைக்குச் சென்று நின்று வழிகாட்ட வேண்டும். தடுப்பின் சாவி யாரிடம் என்பதைத் தோட்ட நிர்வாகத்திடம் முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

மேளம் நின்றால்தான் மைக் கேட்கும்

உறுமி மேளமும் நாதஸ்வரமும் ஒலிபெருக்கிப் பாட்டும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் எந்த அறிவிப்பும் காதில் விழாது. எனவே முதல் சைகை, மேளத்தை நிறுத்துவதுதான். மேளக்குழுத் தலைவரிடம் இதனை முன்பே சொல்லி, கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். மேளம் திடீரென்று நின்றாலே கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

அறிவிப்பை முன்கூட்டியே தமிழிலும் மலாயிலும் எழுதி வைப்பது நல்லது. 'பக்தர்கள் கவனிக்கவும். ஆலயத்தைவிட்டு இப்போதே வெளியேற வேண்டியுள்ளது. இடப்பக்க வாசல் வழியாகத் திடலுக்குச் செல்லுங்கள். பைகளை எடுக்கத் திரும்பாதீர்கள்' என்ற நான்கு வாக்கியம் போதும். காரணத்தை விளக்கத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் உதவ, பேட்டரியில் இயங்கும் கையடக்க ஒலிபெருக்கி ஒன்று இருக்க வேண்டும்.

கூட்டம் ஒன்றுசேரும் இடமாகக் கார் நிறுத்துமிடத்தைத் தேர்வு செய்யாமல் இருப்பது நல்லது. வண்டிகள் நிறைந்த இடத்தில் மறைவுகள் அதிகம். உதவிக்கு வரும் வாகனங்களுக்கும் அதுவே வழியாக இருக்கும். ஒன்றுக்குப் பதில் இரண்டு இடங்களை வெவ்வேறு திசைகளில் வைத்துக்கொண்டால், ஆபத்து இல்லாத பக்கத்துக்குக் கூட்டத்தை அனுப்பலாம்.

தேர் வீதியில் வரும்போது

2016ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி, பிரான்சின் நீஸ் நகரில் வாணவேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் மீது லோரி ஏற்றப்பட்டு 86 பேர் கொல்லப்பட்டார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் 2025ஆம் ஆண்டு புத்தாண்டு அதிகாலையில் இதே முறையில் 14 பேர் பலியானபோது, அந்தச் சாலையின் வாகனத் தடுப்புத் தூண்கள் மாற்றப்பட்டுக்கொண்டிருந்தன. தடுப்பு இருந்தால் மட்டும் போதாது, அன்றைய இரவு அது இடத்தில் இருக்க வேண்டும்.

தேர் ஊர்வலமும் பால்குடமும் சாலையில் வரும்போது, போலீசிடமும் ஊராட்சி மன்றத்திடமும் பாதையையும் நேரத்தையும் முன்பே எழுத்தில் கொடுத்துச் சாலை மூடலைக் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் கூம்புகள் ஓட்டுநருக்கு வழி காட்டுமே தவிர வாகனத்தை நிறுத்தாது. போலீசின் ஒப்புதலோடு, பக்கச் சாலை முனைகளில் கனமான வாகனங்களைக் குறுக்கே நிறுத்தி வைப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. அதில் ஓட்டுநர் சாவியோடு இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தால் நகர்த்த வேண்டுமே. குடித்துவிட்டுக் கூட்டத்திற்குள் கார் ஓட்டி வருபவரிடமிருந்தும் இந்த ஏற்பாடு காப்பாற்றும்.

கேட்பாரற்ற பை கிடந்தால்

கூட்டத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பெரும்பாலான பைகள் மறந்து விடப்பட்டவைதான். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தைக் கலைக்க முடியாது. மூன்று கேள்விகள் உதவும். வேண்டுமென்றே மறைத்து வைக்கப்பட்டதுபோல் உள்ளதா? கம்பி, பேட்டரி, திரவம், விநோதமான வாடை என எதாவது வெளிப்படையாகச் சந்தேகம் தருகிறதா? அந்த இடத்தில் வழக்கமாக இருக்கக்கூடிய பொருள்தானா? செருப்பு வைக்கும் இடத்தில் துணிப்பை இருப்பது இயல்பு. ஜெனரேட்டருக்கு அடியில் செருகிய பெட்டி இயல்பல்ல.

சந்தேகம் உறுதியானால் தொடவோ நகர்த்தவோ கூடாது. அதிலிருந்து 15 மீட்டருக்குள் கைத்தொலைபேசியையோ வாக்கி டாக்கியையோ பயன்படுத்தக் கூடாது. கைப்பை அளவுப் பொருள் என்றால் குறைந்தது 100 மீட்டர், கார் என்றால் 200 மீட்டர், லோரி என்றால் 400 மீட்டர் தூரத்திற்கு மக்களை விலக்கிவிட்டு 999ஐ அழைக்க வேண்டும்.

தொலைபேசியில் மிரட்டல் வந்தால் உடனே வைத்துவிடாமல் பேச்சை நீட்டித்து, சொன்ன வார்த்தைகள், நேரம், பின்னணிச் சத்தம் ஆகியவற்றை எழுத வேண்டும். மின்னஞ்சலாக வந்தால் அழிக்கக் கூடாது. பொய் மிரட்டலா மெய்யா என்று முடிவு செய்வது போலீசின் வேலை. பள்ளியோ ஆலயமோ தானாகவே 'இது விளையாட்டு' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

தாக்குதல் தொடங்கிவிட்டால்

சிங்கப்பூர் 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் 'எஸ்ஜி செக்கியூர்' இயக்கத்தைத் தொடங்கி, மூன்று சொற்களை மக்களுக்குக் கற்றுக் கொடுத்தது: ஓடுங்கள், ஒளிந்துகொள்ளுங்கள், தெரிவியுங்கள். பிரிட்டன் போலீசும் இதையே சொல்கிறது.

ஓட வழி இருந்தால் ஓட வேண்டும். பொருள்களை விட்டுவிட வேண்டும். வழி இல்லையென்றால் கதவைப் பூட்டி, மேசை நாற்காலிகளால் அடைத்து, விளக்கை அணைத்து, கைத்தொலைபேசியின் சத்தத்தையும் அதிர்வையும் நிறுத்த வேண்டும். கதவுக்கு நேரே நிற்கக் கூடாது. பாதுகாப்பான இடத்தை அடைந்த பிறகுதான் 999. இடம், ஆள் எத்தனை பேர், என்ன ஆயுதம், எந்தப் பக்கம் போகிறான் என்ற விவரங்கள் முதலில் வேண்டும். நின்று வீடியோ எடுப்பது உயிருக்கு ஆபத்து. அதை நேரலையில் பரப்புவது, ஒளிந்திருப்பவர்களின் இடத்தைத் தாக்குபவனுக்குக் காட்டிக்கொடுக்கும்.

ஆயுதமேந்திய போலீஸ் வரும்போது அவர்களுக்கு யார் தாக்குபவர், யார் தொண்டர் என்று தெரியாது. கைகளை விரித்து உயர்த்திக் காட்ட வேண்டும். கையில் கத்தியோ கம்போ இருந்தால் கீழே போட்டுவிட வேண்டும். அவர்களை நோக்கி ஓடக் கூடாது.

இரத்தப்போக்கை நிறுத்தும் கை

கடுமையான இரத்தப்போக்கு சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். ஆம்புலன்ஸ் அதற்குள் வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. சுத்தமான துண்டு, வேட்டி, சால்வை எது கிடைத்தாலும் மடித்துக் காயத்தின் மீது இரு கைகளாலும் பலமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். உடலில் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது.

கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காத இரத்தப்போக்குக்கு, காயத்திற்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டில் படாமல் இறுக்குப் பட்டை கட்டப்படுகிறது. இரத்தம் நிற்கும் வரை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். மருத்துவர் வரும் வரை தளர்த்தக் கூடாது. மெல்லிய கயிறும் கம்பியும் சதையை அறுக்குமே தவிர உதவாது. இதனைக் கட்டுரை படித்து முழுமையாகக் கற்க முடியாது. மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. ஓர் ஆலயத்திலிருந்து நால்வர் ஆண்டுக்கு ஒருமுறை போய்வந்தால், அந்த வட்டாரத்தில் நடக்கும் சாலை விபத்துக்கும் அந்தக் கைகள் உதவும்.

கூட்டமே ஆபத்தாகும் நேரம்

2022ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி, தென் கொரியாவின் இத்தேவோனில் ஒரு குறுகிய சந்தில் ஏற்பட்ட நெரிசல் 159 உயிர்களைப் பறித்தது. நசுங்கிவிடுவோம் என்று போலீசுக்கு முதல் அழைப்பு வந்தது, ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்கு முன். கேட்டவர்கள் கூட்டத்தைத் திருப்பிவிடவில்லை.

ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நின்றால் நெருக்கம். ஐந்து, ஆறு பேரைத் தாண்டினால் தனிமனிதரால் சொந்தமாக நகர முடியாது, கூட்டம்தான் அவரை நகர்த்தும். பத்துமலையின் 272 படிகள் போன்ற இடங்களில் மேலே செல்வோரையும் கீழே இறங்குவோரையும் பிரிப்பது இதனால்தான். சிறிய ஆலயங்களிலும் தீபாராதனை வேளையில் சன்னதிக்கு முன் இதே நெருக்கம் உண்டாகும். வாசல் பொறுப்பாளருக்கு 'போதும், இனி உள்ளே விடாதே' என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். வெளியே நிற்பவர்கள் கோபப்படலாம். அந்தக் கோபத்தைப் பொறுத்துக்கொள்வதும் பாதுகாப்பு வேலைதான்.

முகத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்ப்பது

பாதுகாப்பின் பெயரால் ஆலயக் கதவை அடைத்துவிட முடியாது. அன்னதானத்திற்கு வரும் அந்நியத் தொழிலாளியையும், காவடி பார்க்க வரும் மலாய், சீன நண்பர்களையும் குற்றவாளிபோல் நடத்தினால், அந்த இடம் தன் இயல்பை இழந்துவிடும். பயங்கரவாதிகள் விரும்புவதும் அதைத்தான்.

கவனிக்க வேண்டியது நடத்தையை. வழிபாட்டில் நாட்டமின்றி வாசல்களையும் கேமராக்களையும் படம் பிடிப்பது, வெயிலில் கனத்த மேலங்கி அணிந்து நிற்பது, வந்தவுடன் பையை வைத்துவிட்டு விரைந்து போவது போன்றவை. அப்போது முதல் கருவி மரியாதையான ஒரு வார்த்தை. 'வாங்க தம்பி, யாரையாவது தேடுறீங்களா? உதவி வேணுமா?' என்று சிரித்த முகத்தோடு கேட்டால், நல்லெண்ணத்தோடு வந்தவர் மகிழ்வார். கெட்ட எண்ணத்தோடு வந்தவனுக்குத் தன்னை ஒருவர் கவனித்துவிட்டார் என்று புரியும். பதில் பொருந்தவில்லை என்றால் தனியாக மோதாமல், பொறுப்பாளருக்கும் போலீசுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

அதேபோல், 'குண்டு வச்சிருக்காங்களாம்' என்ற வாட்ஸ்ஆப் குரல்பதிவைச் சரிபார்க்காமல் பகிர்வதால் நெரிசல் உண்டாகும். நிர்வாகத்தின் அதிகாரப்பூர்வத் தகவல் எந்தக் குழுவில் வரும் என்பதைத் திருவிழா அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடலாம்.

அரை மணி நேர ஒத்திகை

எழுதி வைத்த திட்டம் அலமாரியில் இருந்தால் பயனில்லை. பெரிய ஒத்திகைக்கு வசதி இல்லாத இடங்களில், நிர்வாகக் கூட்டம் முடிந்த பிறகு அரை மணி நேரம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினாலே பல ஓட்டைகள் வெளிப்படும்.

ஒருவர் கேட்க வேண்டும்: 'சனிக்கிழமை இரவு எட்டரை. உள்ளே பூசை. அன்னதானக் கூடத்தில் 150 பேர். முன்வாசலில் ஒருவன் பாராங் கத்தியோடு வருகிறான். இப்போது யார் என்ன செய்கிறீர்கள்?' அப்போதுதான் தெரியும், முன்கதவை உள்ளிருந்து பூட்ட முடியாது என்று. மைக் பொறுப்பாளர் அன்று வெளியூர் போகிறார் என்று. பின்கதவுச் சாவி குருக்களிடம் இருக்கிறது, அவர் கருவறையில் இருப்பார் என்று. ஒவ்வொன்றையும் எழுதி, அடுத்த கூட்டத்திற்குள் சரிசெய்ய ஒருவர் பெயரைப் போட வேண்டும். பிறகு அந்தத் திட்டத்தின் ஒரு நகலை வட்டாரப் போலீஸ் நிலையத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்து அவர்களின் கருத்தைக் கேட்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு ஒரு கையடக்க ஒலிபெருக்கி, ஒரு முதலுதவிப் பெட்டி, சில பூட்டுச் சாவிகள், சில தாள்கள். பூக்களுக்கும் வாணவேடிக்கைக்கும் செலவாவதில் மிகச் சிறு பகுதி. உண்மையில் தேவைப்படுவது நேரமும், 'நமக்கெல்லாம் நடக்காது' என்ற நினைப்பை ஒரு மாலை நேரம் ஒதுக்கி வைக்கும் மனமும்தான்.

அடுத்த திருவிழாவுக்குக் கொடியேறும் முன், பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். உடனே பதில் வந்தால் வேலை தொடங்கிவிட்டது. பதில் வரவில்லை என்றால், தொடங்க வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.